அட்டாலியில் கிடக்கும் ஸ்பைடர்

சென்னிமலை,
ஆகஸ்ட் 28, 2024.

அன்பு மாப்ள,

உன் கடுதாசி வந்து கொஞ்ச நாளாச்சு. தறிக்காரங்க சம்பளம், நூல் பாக்கி, தீபாவளி ஆர்டர்னு ஓடிட்டிருந்ததுல உடனே உக்காந்து எழுத முடியல. இங்க எல்லாரும் சௌக்கியம். கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை ஒருவழியா இந்த மாசம் தொடங்கி வச்சுட்டாங்க. நாம ட்ரவுசர் போட்ட காலத்துலயே பெருசுங்க திண்ணையில உக்காந்து பேசின திட்டம்டா அது. பெட்ஷீட் வியாபாரம் முந்தி மாதிரி இல்ல, பானிப்பட்டுச் சரக்கு விலையில அமுக்குது. அதை எழுதினா உனக்கும் விசனம், எனக்கும் விசனம். விட்ரு.

உங்கம்மாவைப் பாக்கக் கோபிக்குப் போயிருந்தேன். முட்டி வலின்னு சொல்லிக்கிட்டே ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறாங்க. எனக்கு அரிசிம்பருப்பு சோறு போட்டுட்டு, "தைக்குள்ள ஊட்ட இடிச்சுக் கட்டோணும்கிறான் சின்னவன். அட்டாலியில கெடக்கற அந்தப் பொட்டிய என்ன பண்றதுன்னு அவங்கிட்டக் கேட்டுச் சொல்லு கண்ணு"ன்னாங்க. நீயும் அதையேதான் எழுதியிருக்கே. பரண் மேல கெடக்கற நம்ம பழைய காமிக்ஸ் பொட்டியைத் தம்பி எடைக்குப் போடச் சொல்றான், மெட்ராஸ்ல எவனோ ஒருத்தன் நல்ல வெலைக்கு மொத்தமா எடுத்துக்கறேங்கறான், நீ என்ன சொல்றேன்னு. அதோட விட்டிருந்தா ஒரு வரியில பதில் எழுதியிருப்பேன். கூடவே, "நீ இன்னுமா அந்தப் பொம்மைப் புத்தகம் வாங்கிட்டிருக்கே, வயசாகலையா"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டே. மஸ்கட்டுல ஏசி ரூமுல உக்காந்து கேக்கறது சுலபம். பதில் நீளமாத்தான் வரும், படி.

இரும்புக்கை மாயாவியை நீதான் எனக்கு முதமுதல்ல குடுத்தே. மின்சாரம் பட்டா அந்தாளு உடம்பு மறைஞ்சு போகும், இரும்புக்கை மட்டும் தெரியும். உடம்போட சேந்து சட்டை துணியும் மறையறப்ப கை மட்டும் ஏன் மறையலைன்னு அறிவியல் சார்கிட்டக் கேட்டு நாம ரெண்டு பேரும் பெஞ்சு மேல ஏறி நின்னது ஞாபகம் இருக்குதா? அப்பவும் உனக்குச் சந்தேகம் தீரல. உங்க தோட்டத்து மோட்டார் ரூமுல பீஸ் கட்டையை நீ பாத்த பார்வை இருக்குதே, உங்கப்பாரு மட்டும் அந்நேரம் வரலைன்னா இன்னிக்கு எனக்குக் கடுதாசி போட ஆளு இருந்திருக்காது. அந்த மாயாவி 1962ல இங்கிலாந்துல 'வேலியண்ட்'னு ஒரு வாராந்தரியில பொறந்தவன், படம் போட்ட ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர், இதெல்லாம் நமக்கு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது. 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்கறப்ப முதல் புத்தகமே அவன்தான். நமக்கு அவன் நம்மூர் ஆளு மாதிரிதான். லண்டன் தெருவுல ஓடினாலும் தமிழ் பேசிக்கிட்டே ஓடினான்.

அப்பொறம் 1984 ஜூலையில லயன் காமிக்ஸ். போன மாசத்தோட அதுக்கு நாப்பது வருஷம் முடிஞ்சுது, தெரியுமா? சௌந்தரபாண்டியன் முத்துவை ஆரம்பிச்சாரு, அவரு பையன் விஜயன் மீசை சரியா மொளைக்காத வயசுல லயனை ஆரம்பிச்சாரு. முதல் புத்தகம் மாடஸ்டிங்கற சாகசப் பொண்ணோட கதை. ஆனா லயனை ஊரு ஊரா இழுத்துட்டுப் போனது ஸ்பைடர்தான் (ஸ்பைடர்மேன் இல்ல, இவன் வேற). அவனை இப்ப எடுத்துப் படிச்சுப் பாத்தேன் மாப்ள. சுத்தக் கிறுக்கு. கூர்காது, வலைத் துப்பாக்கி, ஹெலிகார், குற்றச் சக்கரவர்த்திங்கற பட்டம், வாயைத் தொறந்தா தற்பெருமை. தர்க்கம்னு ஒண்ணு பக்கத்துலயே வராது. ஆனா அதுக்குள்ள ஒரு சங்கதி இருக்குது. அந்தக் கதைகள்ல பலதை எழுதினது ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உண்டாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். 1938ல கூட்டாளி ஷஸ்டரோட சேந்து சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் குடுத்துட்டு, அப்பொறம் காலம் பூராக் கோர்ட்டுக்கு நடந்த மனுசன். அறுபதுகள்ல இங்கிலாந்து வாராந்தரிக்கு ஸ்பைடர் எழுதினாரு. உலகத்தையே காப்பாத்தற நல்லவனை உண்டாக்கி வெறுங்கையோட நின்னவரு, அடுத்து உலகத்தையே திருடப் பாக்கற ஒருத்தனை எழுதியிருக்காரு. இது தெரிஞ்ச பொறகு ஸ்பைடரோட தற்பெருமை எனக்கு எரிச்சலா இல்ல. கோபி பஸ் ஸ்டாண்டுக் கடையில க்ளிப்பு மாட்டித் தொங்கின புத்தகத்துக்குள்ள அந்த மனுசனோட ஆத்திரமும் இருந்திருக்குது, நாம பொரி உருண்டை தின்னுக்கிட்டே அதைப் படிச்சிருக்கோம்.

ஆனா நீ கேட்டதுக்குப் பதில் ஸ்பைடர் இல்ல, மாயாவியும் இல்ல. கதைக்காக மட்டும்னா நானும் உன்னை மாதிரி எப்பவோ விட்டிருப்பேன். பாதிக்கு மேல சுமாரான கதைங்கதான், ஒத்துக்கறேன். என்னைப் புடிச்சு வச்சது முதல் பக்கம். ஆசிரியர் விஜயன் எழுதற 'ஹாட்லைன்'. நீ அதைத் தாண்டி நேராக் கதைக்குப் போயிடுவே. நான் புத்தகம் கைக்கு வந்ததும் அதைத்தான் முதல்ல படிப்பேன், இன்னிக்கும் அப்படித்தான். அடுத்த மாசம் என்ன வருது, எந்தக் கதையை எங்க புடிச்சாரு, எது ஓடுச்சு, எது படுத்துச்சு, வாசகர் எவரு திட்டி எழுதினாரு, எல்லாத்தையும் எதுக்க உக்காந்து பேசற மாதிரி எழுதுவாரு. அதுல பாதி கேலி, பெரும்பாலும் தன்னைத்தானே. 'சிங்கத்தின் சிறுவயதில்'னு அவரு தன் கதையைத் தொடரா எழுதினாரே, சின்ன வயசுல பிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குப் போய்ப் பெரிய பெரிய பதிப்பகத்துக்காரங்க முன்னால உரிமை கேட்டு நின்னதெல்லாம், அதை நான் எந்த ஹீரோ கதையை விடவும் ஆசையாப் படிச்சேன். பட்டாசு செஞ்சு காலண்டர் அச்சடிக்கற ஊர்லருந்து ஒரு பையன் மிலானுக்கும் பாரிசுக்கும் கடுதாசி போட்டு டெக்ஸ் வில்லர், லக்கி லூக்குன்னு கௌபாய் ஹீரோக்களைக் கூட்டிட்டு வர்றான்னா, அதுதானே மாப்ள சாகசம்?

அவரு எழுதினதுல எனக்குப் புடிச்சது, ஒரு புத்தகத்தை எவ்வளவு வேணாலும் நேசிக்கலாம், அதே வாயால அதைத் திட்டவும் செய்யலாம்னு காட்டினதுதான். வாசகர் கடிதத்துல வர்ற வசவை அவரு அப்படியே போடுவாரு. கிராபிக் நாவல்னு கனமான கதைகளை அவரு கொண்டாந்தப்ப, நம்ம ஆளுங்க அதுக்கு "அழுகாச்சி காவியம்"னு பேரு வச்சுட்டாங்க. அவரும் அந்தப் பேரையே எடுத்துப் பேச ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு அந்த அழுகாச்சிதான் புடிக்கும். டெக்ஸ் எனக்குக் கொஞ்சம் எச்சா போச்சு. 1948லருந்து இத்தாலியில நிக்காம வர்ற ஆளு, மரியாதை உண்டு, ஆனா எத்தனை தடவைதான் அவனும் கூட்டாளிங்களும் நாலு பேரும் குதிரையில வந்து வறுத்த கறி தின்னுட்டு ஒரு ஊரையே சுடுவாங்க? இதைச் சொன்னா ஈரோட்டுல என்னை அடிக்க வருவாங்க.

ஈரோடுன்னதும் சொல்லணும். ஆகஸ்ட் ஆனா புத்தகத் திருவிழா. முந்தி வ.உ.சி. பூங்காவுல நடந்துச்சு, நீ ஒருக்கா வந்திருக்கே. இப்ப சிக்கய்ய நாயக்கர் காலேஜ் மைதானத்துல. அந்தச் சமயத்துல லயன்–முத்து வாசகருங்க கூடறது வழக்கமாயிருச்சு, ஆசிரியரும் வருவாரு. சேலம், திருப்பூர், தாராபுரம், கோயமுத்தூர்னு எல்லாப் பக்கமிருந்தும் ஆளு வரும். லேத் பட்டறை வச்சிருக்கறவரு, வாத்தியாரு, பேங்க்ல வேலை பாக்கறவரு, ஒரு பல் டாக்டரு. தலையெல்லாம் வெள்ளை. ஆனா சட்டித்தலையன் ஆர்ச்சிங்கற ரோபோ கதையை மறுபடி போடலாமா வேண்டாமான்னு அவங்க போடற சண்டையைப் பாத்தா நம்ம ஆறாங்கிளாஸ் கடைசி பெஞ்சு தேவலாம்னு தோணும். சண்டை முடிஞ்சதும் எல்லாரும் சேந்து பள்ளிபாளையம் சிக்கன் தின்னப் போவாங்க.

ஆசிரியர்கிட்டப் பேசோணும்னு நானும் மனசுக்குள்ள எவ்வளவோ சேத்து வச்சிருந்தேன். மாடஸ்டிக்கு இன்னும் ரெண்டு புத்தகம் ஒதுக்கக் கூடாதான்னு கேக்கோணும், பத்தாவது படிக்கறப்ப என் போஸ்ட் கார்டு அச்சுல வந்ததைச் சொல்லோணும் (நீ பொறாமையில கொஞ்ச நாள் எங்கூடப் பேசாம இருந்ததையும்). கிட்டப் போய் நின்னதும் ஒரு வார்த்தை வரல. "நல்லாருக்கீங்களா சார்"னு கேட்டுட்டுக் கையைக் குடுத்துட்டு வந்துட்டேன். நாலு வருஷம் பக்கத்து வீட்டுல இருந்தவங்ககிட்டக் கூட எனக்கு அவ்வளவு பேச இருந்ததில்ல. நேர்ல பாத்தா அவரு எனக்கு அந்நியரு. அவரு எழுத்துதான் எனக்குப் பழக்கம்.

என் பொண்ணு இதுல வசமாப் புடிச்சா. "அப்பா, அவரை உங்களுக்குத் தெரியும், அவருக்கு உங்களைத் தெரியுமா?"ன்னா. தெரியாதுன்னேன். "அப்பறம் எப்படிப்பா நம்ம சொந்தக்காரரு மாதிரி பேசறீங்க?" இத்தனைக்கும் அவ ஜப்பான் காமிக்ஸ் பைத்தியம். வலதுலருந்து இடமாப் படிக்கற புத்தகம். கதையை விட அந்தக் கதையை அக்கக்காப் பிரிச்சுப் பேசற ஒருத்தன் வீடியோ போடறான், அதுக்குத்தான் காத்துக் கெடப்பா. அவனுக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் வீடியோ வரலைன்னா இவளுக்குச் சோறு எறங்காது. இவளுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே நோய்தான், டாக்டருதான் வேற.

அவளுக்கு நான் ஒரு பதில் சொன்னேன், உனக்கும் அதான். நமக்கு ஒரு விசயம் புடிச்சுப் போச்சுன்னு வை, சுத்தியிருக்கற எல்லாரும் அதைப் பொம்மைப் புத்தகம்பாங்க. எங்கப்பா சொன்னாரு, வாத்தியாரு சொன்னாரு, இப்ப நீ சொல்றே. அந்த நேரத்துல எங்கியோ முன்னப் பின்ன தெரியாத ஒரு ஆளு, நம்மளை விட எச்சாவே கிறுக்கா, வெக்கமில்லாம, அதைப்பத்தி மாசா மாசம் எழுதறாரு. நமக்குத் தனியாப் பைத்தியம் புடிக்கலைன்னு தெரிஞ்சுக்கறதுக்கு அது போதும்டா. கலியாணமாகி, தறி போட்டு, கடன் கட்டின வருஷங்கள்ல நான் காமிக்ஸ் பக்கமே போகல. 2012ல வண்ணத்துல, வழுவழுப் பேப்பர்ல மறுபடி வர ஆரம்பிச்சப்ப ஈரோட்டுல ஒண்ணு கையில சிக்குச்சு. பொரட்டினா முன்னால அதே குரலு. ஆளுக்கும் வயசாகியிருக்குது, அதே கேலி. நான் விட்ட எடத்துலருந்து பேச்சு தொடர்ந்துச்சு. நீ மஸ்கட்டுலருந்து வர்றப்பவும் அப்படித்தானே?

அதுக்காக அவரு சொல்றதெல்லாம் வேதவாக்கா எடுத்துக்கறேன்னு நெனச்சுக்காதே. அவரு ஆஹா ஓஹோன்னு எழுதி நான் வாங்கி, பத்துப் பக்கத்துல மூடி வச்ச புத்தகம் எங்க பீரோவுல ஒரு தட்டு நெறைய இருக்குது. நீண்ட நாள் ரசிகன்னா, ஆளு எங்க மிகைப்படுத்துவாரு, எங்க அடக்கி வாசிப்பாருன்னு தெரிஞ்சிருக்கோணும். "அட்டகாசம்"னு எழுதினா சுமாரு. "முயற்சி பண்ணிப் பாப்போம்"னு தயங்கி எழுதினா கண்ணை மூடிட்டு வாங்கலாம். என் கணக்கு இது, பெரும்பாலும் தப்பினதில்ல.

இரத்தப் படலம்ங்கற தொடருக்கு நாம காத்துக் கெடந்தது உனக்கு மறந்திருக்காது. தோள்பட்டையில பதிமூணுன்னு பச்சை குத்தின, தான் யாருன்னே தெரியாத ஆளு. வான் ஹாம் கதை, வான்ஸ் படம். பெல்ஜியத்துல 1984ல ஆரம்பிச்சு, அவங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச அந்தச் சுத்து முடிய 2007 ஆயிருச்சு. பிரெஞ்சுல படிச்சவனும் நம்மளை மாதிரிதான் நகத்தைக் கடிச்சுட்டு இருந்திருக்கான். அந்தாளு யாருன்னு நீ கடைசி வரைக்கும் தெரிஞ்சுக்கவே இல்லைன்னு நெனைக்கறேன். முழுத் தொகுப்பு எங்கிட்ட இருக்குது. முடிவை எழுத மாட்டேன், வந்து படிச்சுக்க.

இனிப் பொட்டி விசயம். எடைக்குப் போட்டா உன் தம்பி கூட நான் பேசறதில்ல, இதை அவங்கிட்டச் சொல்லிரு. மெட்ராஸ்காரனுக்கும் வேண்டாம். பழைய புத்தகத்துக்கு இப்ப வெலை ஏறிக் கெடக்குது, நெசந்தான். ஆனா அந்த மாதிரி வாங்கறவன்ல பாதிப்பேரு ப்ளாஸ்டிக் உறையில போட்டு ஒட்டி, படம் புடிச்சுக் காட்டிட்டு, மறுபடி தொறக்கறதே இல்ல. உனக்குப் பணமுடைன்னா சொல்லு, அதுக்கு வேற வழி பாப்போம்.

நான் பொட்டியை ஒருக்கா எறக்கித் தொறந்து பாத்தேன். உங்கம்மா அனுமதியோடதான். எல்லாம் நியூஸ் பிரிண்ட்டு. ஓரம் பழுப்பேறி, மடிச்சா ஒடியற நெலமையில கொஞ்சம் இருக்குது. பின்னு துருப்புடிச்சு நடுப்பக்கத்தைத் தின்னுட்டிருக்குது. அடியில ராமபாணப் பூச்சி பூந்து ரெண்டு தீபாவளி மலர்ல சல்லடையாத் தொளை போட்டிருக்குது. முதல்ல பின்னைக் கழட்டி நூல்ல தைக்கோணும். நெழல்ல ஆற விட்டு, வசம்புத் துண்டும் காஞ்ச வேப்பந்தழையும் போட்டு, தகரப் பொட்டியில வேண்டாம், மர அலமாரியில அடுக்கோணும். எங்க தறி குடோனுக்கு மேல ஒரு ரூம் சும்மா கெடக்குது. நூல் வைக்கற எடம், ஈரம் அண்டாது.

அதனால தீபாவளிக்கு முன்னால நான் ஆம்னி வேனை எடுத்துட்டுப் போய் எல்லாத்தையும் ஏத்திட்டு வந்தர்றேன். தையில நீ வர்றப்ப பங்கு பிரிச்சுக்கலாம். ஸ்பைடரும் மாயாவியும் உனக்கு. மாடஸ்டி பூரா எனக்கு, அதுல பேச்சுக்கே எடமில்ல. நீ நூல் நிலையத்துல எடுத்துட்டுத் திருப்பிக் குடுக்காத ரெண்டும் அதுல இருக்குது, முத்திரையோட. அதை என்ன பண்றதுன்னு நீயே முடிவு பண்ணு. உங்கம்மாகிட்டயும் தம்பிகிட்டயும் போன்ல ஒரு வார்த்தை சொல்லி வை, நான் ஏணி வச்சு ஏறறப்பத் திருடன்னு கத்தப் போறாங்க.

தங்கச்சியையும் பசங்களையும் கேட்டதாச் சொல்லு.

அன்போடு,
உன் மாப்ள