லக்கசந்திரா வீட்டுக்கு அக்ரிமெண்ட் போடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கெஸ்ட் ஹவுஸ் நடத்த பெங்களூர் லக்கசந்திராவில் ஆறு அறையோடு வாடகைக்கு வீடு அமைந்துவிட்டது, அடுத்த வாரம் அக்ரிமெண்ட் என்று அம்மா போனில் சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். மனநலம், மூளை நரம்பு வைத்தியம் பார்க்கும் நிம்ஹான்ஸும் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அறைகள் காலியாகக் கிடக்காது. ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதை அப்புறம் பேசலாம். முதலில், அந்த 11 மாத அக்ரிமெண்ட்டில் கையெழுத்துப் போடாதே.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்துதான் எல்லாரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். குடியிருக்க வருகிறவர்களுக்கு அது போதும். கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவனுக்குப் போதாது. அடுத்த வருடம் வீடு கையில் இருக்குமா என்று தெரியாவிட்டால் மலிவான மெத்தைதான் வாங்கத் தோன்றும். ஓதம் ஏறிய சுவரைப் பெயிண்ட் அடித்து மறைக்கத் தோன்றும். நல்ல மனசுக்காரனையும் அந்தக் காகிதம் அப்படி ஆக்கிவிடும்.

உன்னிடம் வரப்போகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். வலிப்புக்கு மருந்து சாப்பிடும் பிள்ளையை வருடக்கணக்கில் டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும். முதல் தடவை மனசு ஒத்துப்போனால் அதே குடும்பம் அடுத்தடுத்த ஃபாலோ-அப்புக்கும் உன் வீட்டுக்குத்தான் வரும், ஊரில் நாலு பேருக்கும் சொல்லும். செயலி வழியாக வருகிற புக்கிங்குக்குக் கமிஷன் அழ வேண்டும். இவர்களோ நேராக உனக்கே போன் செய்வார்கள்.

அவர்களுக்காகச் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே வலிப்பு வந்து விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரி வேண்டும். கட்டில் தாழ்வாக இருக்கட்டும், முனைகள் கூர்மையாக இருக்கக்கூடாது. இரண்டு அறையிலாவது இதைச் செய். ஆனால் 11 மாதத்துக்கு எடுத்த வீட்டில் யார் கதவைப் பெயர்த்து மாட்டுவார்கள்?

தண்ணீரும் அப்படித்தான். 2024 மார்ச்சில் ஊர் பட்ட பாடு உனக்கே தெரியும். போர்வெல்கள் வற்றின, டேங்கர்காரர்கள் கேட்டதுதான் விலை என்றாகி, கடைசியில் மாவட்ட நிர்வாகமே கட்டணத்துக்கு வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. நோயாளி தங்கியிருக்கும் வீட்டில் துணி துவைக்கவும் குளிப்பாட்டவும் தண்ணீர் இல்லை என்று சொல்லவே கூடாது, தம்பி. பெங்களூரில் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,200 சதுர அடி மொட்டைமாடியில் விழுவது மட்டுமே ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அத்தனையும் பிடிக்க முடியாதுதான். ஆனாலும் மாடியிலிருந்து பைப் இறக்கி, வடிகட்டி வைத்து, சம்ப்பில் (தரைக்கடியில் இருக்கும் தொட்டியில்) விட்டால் மழைக்காலத்தில் டேங்கர் செலவு நன்றாகக் குறையும். சம்ப் நிரம்பி வழிவதை ஒரு குழி வெட்டி நிலத்துக்குள் விட்டுவிடு. போட்ட பணம் திரும்பி வரச் சில வருடம் ஆகும். அந்தச் சில வருடம் வீடு உன்னிடம் இருக்க வேண்டுமே!

அதனால் ஓனரிடம் குறைந்தது ஐந்து வருடம் கேள், ஒன்பது கிடைத்தால் இன்னும் நல்லது. பத்திரத்தைப் பதிவு செய். வருடா வருடம் வாடகை எத்தனை சதவீதம் ஏறும், நடுவில் அவர் காலி செய்யச் சொன்னால் நீ போட்ட குழாய்க்கும் கதவுக்கும் யார் பணம் தருவது, இரண்டையும் எழுத்தில் வாங்கு. அங்கே தங்கும் விடுதி நடத்த அவருக்குச் சம்மதம் என்ற வரியும் இருக்கட்டும், டிரேடு லைசென்ஸ் வாங்கப் போகும்போது உதவும். அட்வான்ஸ் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடு, என்னிடம் இருக்கிறது.

வரைவு வந்ததும் அனுப்பு. வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன். அதுவரை டோக்கன் பணம்கூடக் கொடுக்காதே.

அன்புடன்,
அக்கா
வில்சன் கார்டன், பெங்களூரு