எச்சம் நடந்த கதை

அன்புள்ள பாப்பா,

நேற்று வீடியோவில் தோட்டத்தைக் காட்டியபோது, "என்னப்பா, எலுமிச்சை மொட்டையா நிக்குது, மருந்து அடிக்கலையா?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இளவேனிலில் செடி தளிர்விட்ட வாரம் அது. கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளி போட்ட ஒரு பட்டாம்பூச்சி செடியையே சுற்றிச் சுற்றி வந்தது. பூவே இல்லாத செடியில் இதற்கு என்ன வேலை என்று நின்று பார்த்தேன். இலை இலையாகக் காலை வைத்து வைத்து எடுத்தது. பட்டாம்பூச்சிக்குக் காலிலும் சுவை தெரியும். பிள்ளைகள் தின்கிற இலைதானா என்று ருசி பார்த்துவிட்டு, தளிருக்கு ஒன்றாக முட்டை வைத்துவிட்டுப் போனது. கடுகளவு உருண்டை, வெளிர்மஞ்சள்.

சில நாள் கழித்து இலைமேல் குருவி எச்சம். துடைக்கப் போனால் நகர்கிறது!

உனக்கு ஏழு வயதிருக்கும். இதே மாதிரி ஒரு செடியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அப்பா, எச்சம் நடக்குது" என்றாய். பள்ளிக்கு நேரமாச்சு, உளறாதே என்று கையைப் பிடித்து இழுத்துப்போனேன். நீ சொன்னது சரிதான், பாப்பா. எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? அந்தத் தைரியத்தில்தான் புழு பட்டப்பகலில் இலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. வளர்ந்த பிறகு அந்த வேஷம் எடுபடாது, அவ்வளவு பெரிய எச்சம் ஏது? அதனால் கடைசித் தடவை தோலுரித்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடுகிறது. குச்சியால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குபோலச் செம்மஞ்சளாக ஒரு கவை எழும்பியது, கூடவே காட்டமான ஒரு வாடை. நான் இரண்டடி பின்னால் துள்ளியதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கப்புறம் மருந்து அடிக்க எனக்குக் கை வருமா? செடி பிழைத்துக்கொள்ளும், இப்போதே கணுக்களில் புதுத்தளிர் எட்டிப்பார்க்கிறது.

பக்கத்துப் பாத்தியில் கத்தரி பூத்திருக்கிறது. அங்கே ஒரு கருவண்டு வருகிறது. பறக்கும்போது ஒரு சத்தம், பூவைக் கட்டிப்பிடித்ததும் வேறு சத்தம், சுருதி ஏறிவிடும். கத்தரிப்பூவின் மகரந்தம் மஞ்சள் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கிறது, நுனியில் துளிபோல ஒரு ஓட்டை மட்டும். உடம்பை அதிரவைத்து, உப்புக் குப்பியைக் குலுக்குவதுபோல உதிர்த்துக்கொள்கிறது வண்டு. தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே வெயிலேறிய பிறகும் அங்கே நிற்கிறேன். தொப்பி போட்டுக்கொண்டுதான், அம்மாவிடம் விசாரிக்க வேண்டாம்.

சரி, புழுக்களுக்கு வருகிறேன். மூன்று கூட்டுப்புழு ஆயின. பனையேறி இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பதுபோல, நடுவில் பட்டு இழையைக் கட்டிக்கொண்டு காம்பில் சாய்ந்திருந்தன. முதல் கூட்டில் ஊசி குத்தியதுபோல ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து எறும்பைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வந்தன. அந்தக் குளவிகளின் தாய் எனக்கு முன்னாலேயே இதைக் கண்டு, உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அன்று எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் குளவிகளும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன, பச்சை மினுமினுப்பு.

இரண்டாவதில் பட்டாம்பூச்சி வந்தது, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில். போய்ப் பார்த்தால் வெறும் கூடு, பக்கத்தில் அது சிறகை உலர்த்திக்கொண்டு தொங்குகிறது.

மூன்றாவதன் மேல்தோல் இன்று கறுத்து, உள்ளே சிறகின் மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றன. நாளைக் காலையில் விரியும் என்று நினைக்கிறேன். விடியற்காலையில் கூப்பிட்டு நான் போனை எடுக்கவில்லை என்றால் பயந்துவிடாதே. எலுமிச்சைக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா