மாதக்கணக்கில் தங்கிச் சென்னையைப் பார்ப்பவர்களுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும் பெருநகர சென்னை மாநகராட்சிக்கும்,

வணக்கம்.

மெரினா, மயிலை, சாந்தோம், மாமல்லபுரம் என்று ஒரே நாளில் சுற்றிவிட்டு ரயிலேறுகிறவர்களுக்கு இந்த ஊரில் பேருந்தும் உண்டு, கையேடும் உண்டு. வீடெடுத்து ஒரு மாதம், மூன்று மாதம் தங்கி, ஒரே பேட்டையை நாலைந்து தடவை நடந்து பார்க்க வருகிறவர்களைப் பற்றி யாரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்களோடு தெருத்தெருவாக நடப்பவர்கள் என்ற முறையில் சில கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலில் விடுமுறை நாள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வார விடுமுறை ஒரே வெள்ளிக்கிழமை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். கோயில்களோ நண்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். இதை ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு மெட்ரோ நிலையங்களில் ஒட்டுங்கள். கோட்டை அருங்காட்சியகம் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. எழும்பூர் மாநில அரசிடம். எழும்பூரின் விடுமுறையைத் திங்களுக்கு மாற்றினாலே வெள்ளிக்கிழமை வீணாகாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு வரை திறந்து வையுங்கள். எழும்பூரில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசர் வெண்கலத் திருமேனியைப் பார்க்க வெயிலில் வெந்து வந்து சேர்கிறவர், பத்து நிமிடத்தில் நாற்காலி தேடுகிறார். அந்தத் திருமேனியின் முன்னால் அரை மணி நேரம் நிற்க வேண்டாமா?

ஜார்ஜ் டவுனைப் பார்க்க ஏற்ற நேரம் ஞாயிறு காலை ஆறரை முதல் ஒன்பது வரை. உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பாரிமுனையில் 1940இல் எழுந்த டேர் ஹவுஸ் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று தொடங்குவது நல்லது. கட்டடத்தை ஒட்டி நடந்தால் கடைப் பலகைகள்தான் கண்ணில் படும். எதிர்ச்சாரியில் நின்று முதல் மாடிக்கு மேலே பார்த்தால்தான் ஆர்ட் டெகோ என்ற கட்டடப் பாணியில் எழுந்த கட்டடங்களின் வளைந்த மூலைகளும், சன்னல் வரிசை முழுக்க ஓடும் சன்ஷேடும், மாடிப்படிக் கூண்டின் நெட்டைக் கண்ணாடியும் தெரியும். அங்கிருந்து 1772ஆம் ஆண்டின் ஆர்மீனியன் தேவாலயம், பிறகு தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயில். வேலை நாளில் பத்து மணிக்கு மேல் இதே வழியில் மீன்பாடி வண்டியும் மூட்டையும் லாரியும் நிறைந்துவிடும். நின்று தலையை நிமிர்த்தவே முடியாது. அது வியாபாரத் தெரு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் இருக்கும் சிக்கல் வேறு: கடைகள் மூடியிருப்பதால், மெட்ரோ நிலையத்தை விட்டால் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கிறது. காலை ஆறுக்கே திறக்கும் சுத்தமான இரண்டு கழிப்பறைகள் இந்த நடைக்கு எந்த விளம்பரப் பலகையையும்விடப் பயன்படும்.

அடுத்தது சாலை மட்டம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி உள்தெருக்களில் மிஞ்சியிருக்கும் திண்ணை வீடுகளின் வாசலைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால், ஒரு தடவைக்கு 40 மில்லிமீட்டர் ஏறும். ஐந்து தடவையில் 20 சென்டிமீட்டர். ஒரு படி மண்ணுக்குள் போய்விடும். இப்படியே போனால் மூன்று படி ஏறிப் போன வீடும் ஒருநாள் தெருவோடு சமமாகும், அப்புறம் மழைத்தண்ணீர் ரேழிக்குள் வரும். பிறகு வீட்டுக்காரர் இடித்துக் கட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்? சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பதைப் பெரிய சாலைகளோடு நிறுத்தாதீர்கள்.

பழுதுபார்ப்பதிலும் கவனம் வேண்டும். சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலேறி, உப்புப் பூத்து, பூச்சு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும். மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் இதே கதைதான். தேக்கு உத்தரங்களுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்கோடாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் பரப்பி இடித்து, மேலே தட்டோடு பதித்த கூரை அது. ஒழுகுகிறது என்று சிமென்ட் மெழுகினால், விரிசலில் இறங்கும் தண்ணீர் உள்ளேயே தங்கிச் சுவருக்குள் இருக்கும் உத்தரத்தின் முனையை உளுக்கச் செய்யும். முனை போனால் கூரையே இறங்கிவிடும். மாநகராட்சியின் பழைய பள்ளிக் கட்டடங்களுக்கான ஒப்பந்தப் புள்ளியிலேயே சுண்ணாம்புக் கலவை என்று எழுதிவிடுங்கள்.

அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897இல் கட்டியது. 2006இல் இடிக்கத் தொடங்கியபோது நீதிமன்றம்தான் காப்பாற்றியது. அதன் பிறகு பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒரு பட்டியல் வந்தது. ஆனால் 1930 முதல் 1960 வரையிலான சாதாரணக் குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் அவைதான் அடுக்குமாடிகளுக்கு இடம் விடுகின்றன. எல்லாவற்றையும் காக்கச் சொல்லவில்லை. இடிக்க அனுமதி தரும் முன், நாலு பக்கப் படமும் ஒரு தள வரைபடமும் வாங்கி, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வையுங்கள்.

ஓவியம் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வழித்தடம் தயாராகவே இருக்கிறது. 1850இல் தொடங்கிய கவின்கலைக் கல்லூரி பெரியமேட்டில் இருக்கிறது. அதை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை மெரினாவில். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில். மூன்றையும் இணைத்து ஒரு துண்டு வரைபடம் போட்டால் போதும். கண்ணகி நகர்ச் சுவரோவியங்களை அதில் சேர்ப்பதானால், அங்கே குடியிருக்கும் இளைஞர்களுக்கே வழிகாட்டிப் பயிற்சியும் ஊதியமும் கொடுங்கள். அவை அவர்களுடைய வீட்டுச் சுவர்கள்.

கடைசியாக, வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இது தெரியாமல் பயந்துபோய் வீடு தர மறுக்கிறவர்கள் பலர். எந்தத் தளம், என்னென்ன ஆவணம் என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியிடுங்கள். நீண்ட நாள் தங்குகிறவர்களில் பலர் மார்கழிக் கச்சேரிகளை ஒட்டி வருகிறார்கள். ஐப்பசிக்குள் அந்தக் குறிப்பு வந்தால் இந்த ஆண்டே பயன்படும்.

இப்படிக்கு,
சென்னைத் தெருக்களை நடந்து காட்டுவோர் சிலர்