அந்தப் பாரஃபின் பிளாக் எங்கே என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவ இணைப்பில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பயாப்சி ஸ்லைடை, அதாவது ஊசியால் எடுத்த திசுவைச் சீவி ஒட்டிய கண்ணாடியைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் நோய் பரவுமா பரவாதா என்று அதுவே சொல்லிவிடும் என்று எழுதியிருந்தது. நான் திசு ஆய்வகத்தில் டெக்னீஷியன், அந்த ஸ்லைடுகளைச் செய்கிற ஆள். கட்டுரையில் பெரிய தப்பு இல்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்து பயந்துபோய்ப் படிக்கிறவருக்கு நாளைக்கே கைகொடுக்கிற ஒரு விஷயம் அதில் விடுபட்டுவிட்டது: அந்தத் திசுவைப் பதித்து வைக்கும் மெழுகுத் துண்டு, அதாவது பாரஃபின் பிளாக், எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இந்தக் கணிப்பு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் புரொடெக்ட் என்று ஓர் ஆய்வு நடந்தது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை மூலம் ஆரம்பத்திலேயே தெரியவந்த 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, இன்னொன்றுக்கு வெறும் கண்காணிப்பு. 15 ஆண்டுகளுக்குப் பிறகான முடிவு 2023-ல் வந்தது. எந்தப் பிரிவில் இருந்தாலும் நூற்றுக்கு 97 பேர் இந்த நோயால் இறக்கவில்லை. அப்படியானால் ஆபரேஷன் செய்துகொண்டு, சிறுநீர் கட்டுப்படாமலும் தாம்பத்தியப் பிரச்சினையோடும் அவதிப்பட்டவர்களில் பலருக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்த மீதி மூன்று பேர் யார்? அதைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். (நம் பக்கம் எலும்பு வலி வந்த பிறகுதான் டாக்டரிடம் போகிறவர்கள் இன்னும் நிறைய. அவர்கள் கதை வேறு, இங்கே அதற்குள் போகவில்லை.)

இத்தனை வருஷமாக இதற்குப் பெரிய துணை க்ளீசன் ஸ்கோர். அமெரிக்காவில் டொனால்ட் க்ளீசன் என்ற பெத்தாலஜிஸ்ட் (திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) 1960-களில் கொண்டுவந்தது. ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்ப்பதைவிட, சுரப்பிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதுதான் அதில் முக்கியம். தனித்தனியாக வட்டம் வட்டமாக நின்றால் 3. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டோ சல்லடைக் கண்கள் மாதிரியோ தெரிந்தால் 4. சுரப்பியே உருவாகாமல் செல்கள் தனியாகச் சிதறிக் கிடந்தால் 5. அதிகமாகத் தெரிவதை முதலிலும் அடுத்ததை இரண்டாவதாகவும் எழுதிக் கூட்டுவார்கள். 3+4 என்றாலும் 7, 4+3 என்றாலும் 7, ஆனால் இரண்டாவது கூடுதல் ஆபத்து. அதனால்தான் 2014-க்குப் பிறகு ஐந்து கிரேடு குரூப்பாகப் பிரித்து, முதலாவதை 2 என்றும் மற்றதை 3 என்றும் தனித்தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். இன்னமும் "க்ளீசன் 7" என்று மட்டும் முடிந்துவிடுகிற ரிப்போர்ட்டுகள் என் கைக்கு வருகின்றன. பார்க்கும்போதெல்லாம் கோபமாக இருக்கிறது.

ஒரே ஸ்லைடை இரண்டு நல்ல பெத்தாலஜிஸ்ட்டுகள் பார்த்தால் ஒருவர் 3 என்பதை மற்றவர் 4 என்பார், அதுவும் நடப்பதுதான். கம்ப்யூட்டர் உள்ளே வந்தது இந்த இடத்தில். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பயாப்சி படங்களோடு 2020-ல் பாண்டா என்று ஒரு போட்டி நடத்தினார்கள். அதில் முன்னணியில் வந்த மென்பொருள்கள் நிபுணர்களோடு நன்றாகவே ஒத்துப்போயின. அப்புறம் அடுத்த கட்டம். கிரேடு போடுவதோடு நிற்காமல், அந்த நோயாளிக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்பதையே படத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் நடந்த பழைய கதிர்வீச்சு ஆய்வுகளின் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து, வயது, பி.எஸ்.ஏ., க்ளீசன், கட்டியின் நிலை ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கிற ஒரு முறை உருவானது. 1994-ல் தொடங்கிய ஓர் ஆய்வின் நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது, கதிர்வீச்சோடு நாலு மாத ஹார்மோன் சிகிச்சை யாருக்கு உண்மையில் பலன் தருகிறது என்று பிரித்துக் காட்டியது. நடுத்தர ஆபத்து உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் பலன் தெரிந்தது. உடம்பெல்லாம் சூடு பரவுவது, எலும்பு தேய்வது, சோர்வு, சர்க்கரை ஏறுவது என்று ஹார்மோன் ஊசி படுத்தும் பாட்டைக் கூட இருந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1990-களில் எடுத்த திசுவை இருபது வருஷத்துக்கு மேல் யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான் இந்த ஆராய்ச்சியே நடந்தது. நம் ஊரில் என்ன நடக்கிறது? ரிப்போர்ட்டைக் கண்ணாடி உறை போட்டுப் பாதுகாக்கிறோம். ஸ்லைடும் பிளாக்கும் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. அப்பாவின் பயாப்சி வேறோர் ஊரில் நடந்தது, இங்கே இன்னொரு டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார் என்று ஒரு பெண் எங்கள் கவுண்டரில் வந்து நின்றார். முதலில் பார்த்த ஆய்வகத்துக்குப் போன் செய்தால் "தேடிப் பார்க்கிறோம்" என்ற பதில். கடைசிவரை கிடைக்கவில்லை. எழுபது தாண்டிய மனிதருக்கு மறுபடி ஊசி குத்தினார்கள்.

ஊசியில் வருகிற அந்தத் திசு ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருந்தால் நல்லது, அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றே குறைவுதான். பொதுவாகப் பன்னிரண்டு துண்டுகள் எடுப்பார்கள். அவற்றை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மூன்று நான்கு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனத்தில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி, நீலமும் இளஞ்சிவப்பும் ஏற்றுகிறோம். பெத்தாலஜிஸ்ட் பார்ப்பதும் கம்ப்யூட்டர் பார்ப்பதும் இதைத்தான். திசு மடிந்துபோனாலோ சாயம் கூடிக் குறைந்தாலோ, அனுபவமுள்ள மனிதக் கண் அதைக் கழித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளும். மென்பொருள் அப்படிப் பார்க்கும் என்று நம்ப முடியாது. அதுவும் ஒவ்வோர் ஆய்வகத்தின் சாயமும் ஸ்கேனரும் ஒவ்வொரு மாதிரி. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினுக்குப் பதில் சலைனில், அதாவது உப்புநீரில், போட்டு அனுப்பிய பயாப்சிகளை நான் வாங்கியிருக்கிறேன், செல்கள் அழுக ஆரம்பித்திருக்கும். அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும் பஃபர் சேர்க்காத ஃபார்மலினில் ஊறியதில் கருப்புத் துகள் படிந்திருக்கும். இப்படிப்பட்ட ஸ்லைடை எத்தனை கெட்டிக்கார மென்பொருளிடம் கொடுத்து என்ன பயன்?

மரபணுப் பரிசோதனைகளுக்கும் இதே பிளாக்தான் வேண்டும். டெசைஃபர் என்ற பரிசோதனை 22 மரபணுக்களைப் பார்க்கிறது, ஆன்கோடைப் என்ற பெயரில் வந்த பரிசோதனை 17. இரண்டுமே மெழுகில் இருக்கும் திசுவிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்துச் செய்வது. புற்றை அடக்கி வைக்கும் பிடென் புரதம் இல்லாமல் போயிருக்கிறதா, செல்கள் பெருகுவதைக் காட்டும் கே.ஐ.-67 எவ்வளவு என்று சாயம் போட்டுப் பார்ப்பதற்கும் அதே பிளாக்கிலிருந்துதான் இன்னொரு சீவல் எடுக்க வேண்டும். பிளாக் தொலைந்தால் இத்தனை வழியும் ஒரே நாளில் அடைபட்டுவிடும்.

இன்னொன்றும் கட்டுரையில் வந்திருக்க வேண்டும். அந்த அமெரிக்க ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், அடுத்து கருப்பின மக்கள். ஆசியர்கள் மிகவும் குறைவு. அங்கே சரியாக வந்ததால் நம்மவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இங்கேயும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நம் ஆஸ்பத்திரிகளில் பத்து வருஷத்துக்கு முந்தைய பிளாக்குகளும், அந்த நோயாளிகள் பின்னர் எப்படி இருந்தார்கள் என்ற பதிவும் இருந்தாக வேண்டும். மென்பொருள் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் நல்ல அலமாரிக்கும், பதிவேடு பார்க்க ஓர் ஆளுக்கும் ஒதுக்கட்டும். இந்தச் சோதனைகள் தருவதும் தீர்ப்பல்ல, இந்த மாதிரி திசு உள்ள நூறு பேரில் பத்து வருஷத்தில் எத்தனை பேருக்குப் பரவலாம் என்ற கணக்குதான். அதை வைத்துக்கொண்டு டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேச வேண்டும்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட் வாங்கும்போதே க்ளீசனின் இரண்டு எண்களும் கிரேடு குரூப்பும் இருக்கிறதா, எத்தனை துண்டுகளில் நோய், ஒவ்வொன்றிலும் எவ்வளவு சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். பிளாக்கை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், வேறு இடத்தில் காட்ட வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் கேட்டு, ரிப்போர்ட்டின் பின்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கை நீங்களே வாங்கிச் செல்வதாக இருந்தால், அதில் இருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே சரிபார்த்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

இப்படிக்கு,
திசு ஆய்வக டெக்னீஷியன்,
மதுரை