17 வயதுக்காரனின் ஃபைல்

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். பெரிய வெள்ளி தீமிதிக்கு மாரிட்ஸ்பர்க் வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன். உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. நீ கேட்டிருந்த விஷயத்துக்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை.

உங்கள் தெருப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். 2003-ல் பெரியவர்கள் மூன்று பேரோடு கொள்ளைக்குப் போனான், கடைக்காரர் செத்துப்போனார், அப்போது அவனுக்கு 17 வயது, 2005-ல் ஆயுள் தண்டனை. அவன் பரோலில், அதாவது நிபந்தனையோடு முன்கூட்டியே, வெளியே வர கோயில் கமிட்டி ஆதரவுக் கடிதம் கொடுக்க வேண்டுமென்று அவன் அம்மா வந்து அழுகிறாள். நீயோ “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பழமொழியை நான் வேறு மாதிரி படிக்கிறேன். இளசாக இருக்கும்போது வளையும் என்பதுதானே அதில் உள்ள சேதி? 17 இன்னும் பச்சை மூங்கில். குற்றம் செய்கிற வேகம் பதின்ம வயதின் கடைசியில் உச்சத்துக்குப் போய், முப்பதைத் தாண்டுவதற்குள் மளமளவென்று இறங்கிவிடும். பல நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. அன்றைக்குத் தண்டனை வாங்கிய பையன் வேறு, இன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் நாற்பது வயது ஆள் வேறு. இந்த ஆளை யாராவது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்கிறேன். கதவைத் திறந்தே விடு என்று நான் கேட்கவில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பிள்ளைகளைச் சிறையில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும், அதுவும் எவ்வளவு குறைந்த காலம் போதுமோ அவ்வளவுதான் என்கிறது. 2007 கடைசியில் வந்த ஒரு திருத்தம் 16, 17 வயதுக்காரர்களையும் குறைந்தபட்சத் தண்டனைச் சட்டத்துக்குள், அதாவது கடும் குற்றங்களுக்கு ஆயுள் போன்ற குறிப்பிட்ட தண்டனையிலிருந்தே நீதிபதி தொடங்க வேண்டும் என்கிற சட்டத்துக்குள், இழுத்துவிட்டது. 2009-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எட்வின் கேமரன். 2010 ஏப்ரல் முதல் குழந்தை நீதிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 14 வயதுக்குக் கீழ் சிறை கிடையாது, அதற்கு மேல் எவ்வளவு கொடூரமான குற்றமானாலும் 25 வருஷம்தான் உச்சம். இன்றைக்கு ஒரு 17 வயதுக்காரனுக்கு ஆயுள் கொடுக்கவே முடியாது. அதற்கு முன்னால் மாட்டியவர்களின் நிலைதான் திண்டாட்டம்.

அதனால் கடிதம் எழுதுவதற்கு முன் இரண்டு காகிதம் தேடு. முதலாவது, குற்றம் நடந்த அன்று அவன் வயதைக் காட்டும் சான்று. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பள்ளியில் சேர்த்த படிவம், கிளினிக் கார்டு, ஞானஸ்நானச் சீட்டு, எது கிடைத்தாலும் சரி. “அப்போது சின்னப் பையன்தான்” என்று பத்துப் பேர் வாயால் சொன்னாலும் அங்கே செல்லாது.

இரண்டாவது, நீதிபதி தண்டனை சொன்னபோது பேசியதன் எழுத்துப் பிரதி. ஹைகோர்ட் ரிஜிஸ்ட்ராரிடம் வழக்கு எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பல ஆயுள் கைதிகளின் ஃபைலில் இதுதான் இருக்காது, இது இல்லாமல் பரோல் விசாரணையும் நகராது. உங்கள் பையன் விஷயத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2004 கடைசியிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் பிராண்ட் வழக்கில், 16, 17 வயதுக்காரர்களுக்கு குறைந்தபட்சத் தண்டனையை வைத்துக் கணக்கை ஆரம்பிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2005-ல் தண்டனை கொடுத்த நீதிபதி ஆயுளில் தொடங்கி, “குறைக்கக் காரணம் இருக்கிறதா” என்று தேடியிருந்தால் அது தப்பு. தாமதத்துக்கு மன்னிப்பும் மேல்முறையீட்டுக்கு அனுமதியும் சேர்த்துக் கேட்கலாம். லீகல் எய்டில் இதைச் செய்வார்கள். தாமதத்துக்கான காரணத்தைத் தேதிவாரியாக எழுத வேண்டும். “தெரியாது” என்று ஒரே வரியில் எழுதினால் அங்கேயே அடிபட்டுப் போகும்.

தேதி விஷயம் இன்னொன்று. ஆயுள் கைதி 25 வருஷம் கழித்துத்தான் பரோலுக்கு வரலாம் என்பது 2004 அக்டோபர் 1-க்குப் பிந்திய விதி. அதற்கு முன் 20. எந்த விதி என்பதைத் தீர்ப்புத் தேதி தீர்மானிக்காது, குற்றம் நடந்த தேதிதான் தீர்மானிக்கும் என்று 2019-ல் பாஹ்லா வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவன் குற்றம் 2003. ஆக 20-தான். சிறையின் கம்ப்யூட்டரில் இன்னும் 25 என்று இருந்தால் அதைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும்.

ஃபைல் எப்படிப் போகும் தெரியுமா? சிறைக்குள் கேஸ் மேனேஜ்மென்ட் கமிட்டி தயார் செய்யும், பரோல் போர்டு பார்க்கும், பிறகு சிறைகளுக்கான தேசிய கவுன்சில், கடைசியில் மந்திரி கையெழுத்து. இந்த நாலு படியில் எது தடுக்கிவிடும் என்றால், பழைய அறிக்கைதான். சைக்காலஜிஸ்ட் போதாத சிறைகளில் அறிக்கை எழுதி வாங்கவே மாதக்கணக்காகும். அது மேலே போய்ச் சேருவதற்குள் பழசாகிவிடும், “புதிதாக எழுதி அனுப்பு” என்று திரும்பி வரும். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிடும். சிறை மாற்றும்போது கோபக் கட்டுப்பாட்டு வகுப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் எல்லாம் தொலைந்து போகும். அம்மாவிடம் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒரு காக்கி உறையில் வைக்கச் சொல். உள்ளே போன முதல் வருஷங்களில் சண்டை, கும்பல் என்று தண்டனைப் பதிவு இருந்தால் மறைக்காதே. 19 வயதுப் பையன் பெரியவர்கள் அறையில் பயந்துபோய் 26, 28 என்று எண்ணையே பெயராக வைத்திருக்கும் சிறைக் கும்பல் ஏதாவதொன்றுக்குள் ஒதுங்கியிருப்பான். எந்த வருஷத்தோடு அதை விட்டான் என்பதுதான் போர்டுக்கு முக்கியம்.

கமிட்டிக் கடிதத்தில் “நல்ல பையன், நல்ல குடும்பம்” என்று எழுதாதீர்கள். அதை யாரும் படிப்பதில்லை. எந்த வீட்டில், எந்த அறையில் படுப்பான், வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாரா, எந்தக் கடையில் என்ன வேலை, மாதம் எவ்வளவு, கண்காணிப்பு ஆபீசில் கையெழுத்துப் போட யார் காரில் கூட்டிப்போவார், இதை எழுதுங்கள். அதிகாரி வந்து கதவைத் தட்டிப் பார்ப்பார். செத்தவர் குடும்பம் அதே தெருவில் இருந்தால் வேறு ஊர் முகவரி கொடுங்கள். ஆயுள் கைதிக்குப் பரோல் நிபந்தனை சாகும் வரை உண்டு என்பதையும் அந்த வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைக்காரரின் மனைவியைப் பற்றி நீ எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் ஆட்கள் நல்லெண்ணத்தில் பழத்தட்டோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார்கள். தயவுசெய்து தடுத்துவிடு. மன்னிப்பு கேட்க வேண்டுமென்றால் சிறை சோஷியல் வொர்க்கர் மூலம்தான், அதுவும் அந்த அம்மாள் விரும்பினால் மட்டும். பரோல் விசாரணையில் பேச அவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது, ஆனால் எழுத்தில் தெரிவித்து முகவரியும் கொடுத்திருக்க வேண்டும். வீடு மாறியிருந்தால் நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்க் கிடக்கும். அவருக்கு இதை யாராவது சொன்னார்களா என்று முதலில் விசாரி. “விடக் கூடாது” என்றுதான் அவர் பேசுவார் என்றாலும், அவர் குரல் அங்கே ஒலிக்க வேண்டும். அது இல்லாமல் கிடைக்கும் விடுதலையை நானும் ஏற்க மாட்டேன்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பென்சில்வேனியாவில் ஜோ லிகன் 15 வயதில் உள்ளே போய் 2021-ல் 83 வயதில் வெளியே வந்தார். சிறுவர்களுக்குக் கட்டாயமாகப் பரோல் இல்லாத ஆயுள் கொடுக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2012, 2016 தீர்ப்புகளுக்குப் பிறகு ஃபிலடெல்ஃபியாவில் இப்படி மறுவிசாரணை பெற்று 2019 கடைசிக்குள் வெளியே வந்தவர்கள் 174 பேர். அவர்களில் மறுபடி குற்றவாளி என்று தீர்ப்பானது இரண்டே பேர். இதை வைத்து எல்லோரையும் விட்டுவிடலாம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து விட்டார்கள், பெரும்பாலோர் நடுவயதுக்கு வந்துவிட்டவர்கள். ஆனால் ஆளைப் பார்த்து முடிவெடுத்தால் அந்த முடிவு பெரும்பாலும் பொய்க்காது என்பதற்கு இது போதும்.

கமிட்டி கூடுவதற்கு முன் பையனின் அம்மாவிடம் வழக்கு எண்ணை வாங்கி எனக்கு அனுப்பு. குற்றத் தேதி, தீர்ப்புத் தேதி, பிறந்த தேதி மூன்றையும் தனித்தனியாக எழுதி, எதற்குக் காகிதம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பக்கத்தில் குறித்து அனுப்பு. ரிஜிஸ்ட்ராருக்கான விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்