தன்னம்பிக்கைப் பேச்சாளர்களே, லீ மியுங்-பாக்கின் கதையை முழுதாகச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய பேச்சாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விழாக்களிலும் யூடியூபிலும் ஏழ்மையிலிருந்து மேலே வந்தவர்களின் கதைகளைச் சொல்கிறீர்கள். அவற்றைக் கேட்டு நிமிர்ந்து உட்காரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த வேண்டுகோள். தென்கொரியாவின் முன்னாள் அதிபர் லீ மியுங்-பாக்கைப் பற்றிப் பேசினால், அவர் பதவியேற்ற நாளோடு கதையை முடித்துவிடாதீர்கள்.

முதல் பாதி யாரையும் கட்டிப்போடும். 1941இல் ஜப்பானின் ஒசாகாவில் பிறந்தவர். போர் முடிந்து குடும்பம் கொரியாவுக்குத் திரும்பும் வழியில் கப்பல் மூழ்கி, இருந்த கொஞ்சநஞ்சமும் போனது. கொரியப் போரின் குண்டுவீச்சில் அக்காவையும் தம்பியையும் இழந்தார். பகலில் வேலை பார்த்து இரவுப் பள்ளியில் படித்தார். சியோலில் சந்தைக் குப்பையை அள்ளிச் சம்பாதித்த காசில் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டினார். 1964 மாணவர் போராட்டத்துக்காகச் சிறைக்கும் போனார். அடுத்த ஆண்டு ஹூண்டாய் கட்டுமான நிறுவனத்தில் சாதாரண ஊழியராகச் சேர்ந்தவர், 1977இல் அதன் தலைமை நிர்வாகி. ‘புல்டோசர்’ என்று பட்டப்பெயர்.

2002இல் சியோல் மேயரானார். நகர நடுவே சொங்கேசொன் ஓடையை மூடிக் கிடந்த சாலையையும் மேம்பாலத்தையும் இடித்து, கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு மீண்டும் தண்ணீர் ஓடவிட்டார். 2003இல் தொடங்கிய வேலை 2005இல் முடிந்தது. அந்த வேகம் உண்மையானது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். நிறுவனத்தை நடத்தியவர் நாட்டையும் நிமிர்த்துவார் என்ற நம்பிக்கையில் 2007 டிசம்பரில் மக்கள் அவரைப் பெரும் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் மேடையில் விட்டுப்போகிறது.

டாஸ் என்று ஒரு கார் உதிரிபாக நிறுவனம். காகிதத்தில் லீயின் அண்ணன் பெயர். உண்மையில் யாருடையது என்ற கேள்வி தேர்தல் நேரத்திலேயே எழுந்தது. சிறப்பு விசாரணை நடந்து, பதவியேற்புக்குச் சில நாள் முன்பு அவர்மீது தவறில்லை என்று அறிவித்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2018இல் நீதிமன்றம் வேறு சொன்னது: நிறுவனம் லீயுடையதுதான், அதன் பணத்தைக் கையாடியிருக்கிறார். அமெரிக்காவில் டாஸ் நடத்திய வழக்குக்கான வக்கீல் செலவைச் சாம்சங் கட்டியது லஞ்சம் என்றும் தீர்ப்பானது. 2009 டிசம்பரில், வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை பெற்றிருந்த சாம்சங் தலைவர் லீ குன்-ஹீக்குத் தனி ஒருவராக மன்னிப்பு வழங்கியவர் இதே அதிபர். அன்று அவர் அரசு சொன்ன காரணம், குளிர்கால ஒலிம்பிக்கை நாட்டுக்குக் கொண்டுவர லீ குன்-ஹீ தேவை என்பது.

2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் லீ மியுங்-பாக்கின் 17 ஆண்டு சிறைத் தண்டனையை உறுதி செய்தது. 2022 டிசம்பரில் அவருக்கும் மன்னிப்பு கிடைத்தது. கொடுத்த அதிபர் யூன் சுக்-யோல், லீ மீது வழக்குத் தொடுத்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர்.

ஏழைப் பையன் கதை இதனால் பொய்யாகிவிடாது. குப்பை அள்ளிய கையும் டாஸ் பணத்தை எடுத்த கையும் ஒரே ஆளுடையவை என்பதுதான் எனக்கு உறைக்கிறது. முதலாளியாக இருந்தபோது கைகொடுத்த பழக்கங்கள், அதாவது யாரையும் கேட்காமல் முடிவெடுப்பது, பெரிய இடத்துச் சிநேகிதம், குடும்பத்துக்குள்ளேயே சொத்தை வைத்துக்கொள்வது, பதவிக்கும் கூடவே வந்துவிட்டன என்றே நினைக்கிறேன். உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நாளைக்குத் தொழில் தொடங்குவார்கள், சிலர் தேர்தலிலும் நிற்பார்கள். எல்லாருமே ஓட்டுப் போடுவார்கள்.

உங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தை டாஸுக்கும் அந்த 2009 மன்னிப்புக்கும் ஒதுக்குங்கள். கைதட்டல் கொஞ்சம் குறையும். பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்பார்கள். அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேச்சைத் தொடர்ந்து கேட்கும் ஒருவர்