பொன்னாடையை இசை முடிந்தபின் போர்த்துங்கள்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துப் புல்வெளியில் நடந்த ஜாஸ் நிகழ்ச்சியில் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேடையில் அதிக நேரம் இருந்தது நீங்கள்தான்.

அழைப்பிதழில் 7 மணி என்று போட்டிருந்தீர்கள். கீபோர்டு, டபுள் பேஸ் என்கிற ஆளுயர வயலின், டிரம்ஸ் என்று மூன்றே பேர். பரிசோதனை ஜாஸ் வாசிப்பவர்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே ஒலிச் சோதனையை முடித்துவிட்டு மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் 8 மணிக்கு வந்தார். கடற்காற்றில் குத்துவிளக்கு ஏறுவதற்குள் ஒரு தீப்பெட்டி காலி. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். வாழ்த்தியவர்களில் ஒருவர் வந்திருந்த கலைஞர்களை ‘மெல்லிசைக் குழுவினர்’ என்றார். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூட அவர்கள் பக்கம் போகவில்லை. முதல் ஒலி கேட்டபோது 9 மணி தாண்டிவிட்டது. 9.45க்கு நிறுத்தினீர்கள்.

நிறுத்திய இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அவர்கள் பாட்டுப் பட்டியல் போட்டு வாசிப்பவர்கள் அல்லர். பேஸ் வாசித்தவர் வில்லை எடுத்து ஒரே சுரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தொடவே இல்லை. சிம்பலின் மேல் ஒரு சங்கிலியைப் போட்டு விரல் நுனியால் தட்டினார். முதல் இருபது நிமிடம் எங்கே போகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. சிலர் எழுந்து சுண்டல் வாங்கப் போனார்கள். அதில் தப்பில்லை, இந்த இசையில் அதுவும் உண்டு. பிறகு கீபோர்டு இடது கையில் ஏழு எண்ணிக்கையில் ஒரு சின்ன வட்டம் பிடித்தது. மற்ற இருவரும் அதற்குள் இறங்கினார்கள். என் பக்கத்தில் எங்கள் ஊர்த் தவில்காரர் ஒருவர். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே, “மிஸ்ரம்தான் தம்பி, எடுப்பைத் தள்ளி வச்சிருக்கான்” என்றார். ஏழு எண்ணிக்கைத் தாளம்தான், தொடங்கும் இடம் மட்டும் தள்ளியிருக்கிறது என்று பொருள். சுண்டலுக்குப் போனவர்கள் ஓடி வந்தார்கள். டிரம்ஸ்காரர் இப்போதுதான் குச்சியை எடுத்தார். புல்வெளி முழுக்க ஒரே தலையாட்டம்.

அந்த நேரம் பார்த்து உங்கள் தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, “நேரமின்மை காரணமாக” என்றார்.

பேஸ் வாசித்தவர் கையில் வில் இருக்கும்போதே அவர் தோளில் பொன்னாடை விழுந்தது. அது வழுக்கித் தந்திகளின் மேல் கிடக்க, அவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். புகைப்படக்காரர், “சார், இந்தப் பக்கம்” என்றார். “கோர்வைக்குப் போறப்ப கையைப் புடிச்சிட்டானுங்களே” என்றார் தவில்காரர். முத்தாய்ப்பாக வாசிக்கிற தாளக் கட்டுதான் கோர்வை. இதற்கு மேல் விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது.

பத்து மணிச் சட்டத்தைக் காரணம் காட்டினீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. சரியான விதி, வாசலில் நின்ற காவலர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நீங்கள் நிறுத்தியது 9.45க்கு. மிச்சமிருந்த பதினைந்து நிமிடம் நினைவுப் பரிசுக்கும் நன்றியுரைக்கும் போனது. சட்டம் குறுக்கே வரவில்லை. தட்டில் அடுக்கி வைத்திருந்த பொன்னாடைகள்தான் வந்தன.

உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஆஸ்திரேலியாவின் ‘தி நெக்ஸ்’ என்ற மூவர் 1987இலிருந்து வாசிக்கிறார்கள். எதுவும் முன்னால் பேசி வைத்துக்கொள்வதில்லை. ஒருவர் தொடங்க மற்ற இருவர் சேர, ஒரே உருப்படி ஏறத்தாழ ஒரு மணி நேரம் போகும். இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. நியூயார்க்கில் 1991இல் சேர்ந்த மெடெஸ்கி, மார்ட்டின், வுட் மூவர் ஜாஸ் கிளப்புகளைத் தாண்டி வண்டியில் ஊர் ஊராகப் போய் வாசித்தே ஜாம் பேண்ட் ரசிகர்களை, அதாவது மேடையிலேயே கற்பனையாக நீட்டி வாசிக்கும் குழுக்களின் ரசிகர்களை, சேர்த்தார்கள். 1961 ஜூன் 25 அன்று பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் மூவர் அதே நகரத்தின் ஒரு நிலவறை கிளப்பில் மதியமும் இரவுமாக ஐந்து சுற்று வாசித்தார்கள். அதன் ஒலிப்பதிவை இன்றும் கேட்கிறோம். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ ஜூலை 6இல் கார் விபத்தில் இறந்துபோனார். அவர்கள் வாசித்த அந்த ஜூன் ஞாயிற்றுக்கிழமை நடுவில் யாரும் மேடையேறி வாழ்த்துரை வழங்கவில்லை. நம் பக்கத்துக்கே வந்தாலும், நாகஸ்வரத்தில் ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்த மண் இது. ஆலாபனை பாதியில் நிற்கும்போது மாலை போட்டு அனுப்பிவைக்கிற பழக்கம் எந்தக் கோயிலில் இருக்கிறது?

ஆகவே மேடையை 7 மணிக்கு இசைக்காரர்களிடம் கொடுங்கள். பேச்சு வேண்டுமென்றால் அவர்கள் வாசித்து முடித்தபின் வையுங்கள். கேட்க ஆள் இருக்குமா என்ற உங்கள் கவலை நியாயமானதுதான்.

சொல்லவந்தது இவ்வளவே. ஆனாலும், சுவரொட்டியில் வாசிக்கிற மூவரின் படம் தபால்தலை அளவிலும் உங்கள் குழுவினரின் படங்கள் கதவு அளவிலும் இருப்பது ஏன் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை. முன் இரண்டு வரிசை சோபா கடைசிவரை காலியாகக் கிடக்க, டிக்கெட் வாங்கியவர்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்றதும் புரியவில்லை. வார இறுதியில் மதுக்கடைக்கு மதுக்கடை ‘நேரடி இசை’ பலகை தொங்குகிறது. உள்ளே போனால் ஒரு பென்டிரைவ்தான் பாடுகிறது. ஊரைக் கலை நகரம் என்று ஒவ்வொரு வாழ்த்துரையிலும் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. கலைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குகிற நகரம்!

மன்னியுங்கள், கோரிக்கைக்கு வருகிறேன். அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் நிகழ்ச்சி நிரலில் இசையை முதல் வரிக்கு ஏற்றும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 7 மணி என்றால் 7 மணிக்கு முதல் சுரம் கேட்கட்டும். இடைவேளை விட்டு இரண்டு பகுதியாக வாசித்தாலும் 9.30க்குள் முடியும், கடலூர்க்காரர்கள் நாங்களும் பேருந்து நிலையத்துக்கு ஓடாமல் நடந்து போவோம். அந்த மூவரையும் மறுபடி அழைத்து, விட்ட இடத்துக்கு ஈடாக ஒரு முழு மாலையைக் கொடுக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டாம். மறுபடி வாங்கிக்கொண்டே வருகிறோம்.

இப்படிக்கு,
கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவன்,
மஞ்சக்குப்பம், கடலூர்